தோற்றவர் வீட்டு வாத்து

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் "சரிப்பா" என்று பதில் சொல்லிவிட்டேன். அந்தச் "சரி"யைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். நீ சொன்னது உனக்கு இப்போது நினைவில் இருக்காது. நல்ல எண்ணத்தில் சொல்லும் பேச்சு சொன்னவருக்கு நினைவில் நிற்பதில்லை, கேட்டவர்தான் அதை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டும். "டிசம்பர்ல வந்து அப்பாவ கிரவுண்டுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா. நானே தோத்துக் குடுத்துர்றேன். மனுசன் கொஞ்சம் சந்தோசமா இருக்கட்டும்" என்றாய். டிசம்பரில் நீ வருவதற்கும், அப்பாவோடு கோல்ப் ஆட நினைத்ததற்கும் நன்றி. தோற்றுக் கொடுப்பதை மட்டும் செய்துவிடாதே. அதை ஏற்கனவே ஒருத்தி ஏற்பாடு செய்து பார்த்துவிட்டாள். அந்த ஒருத்தி நான். அதற்குப் பிறகு மூன்று மாதமாக உன் அப்பா மைதானத்துப் பக்கம் போகவில்லை. இனிப் போவாரா என்பது நீ வரும்போது என்ன செய்யப்போகிறாய் என்பதில் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பிரஷர் என்று உன்னிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவருடைய இரத்த அழுத்தம் என்னுடையதை விட நன்றாக இருக்கிறது. அவருக்கு இருப்பது மனச்சோர்வு. கண்டியில் ஒரு டாக்டர் அதைப் பெயர் சொல்லிக் குறித்துக் கொடுத்தார். நான் அந்தத் துண்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்சில் வீடு வந்து சேர்வதற்குள் அதைப் பிரஷர் என்று மொழிபெயர்த்துவிட்டேன். நம் ஆட்களிடம் பிரஷர் என்றால் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், அதோடு போய்விடும். மற்றதைச் சொன்னால் கோவிலுக்கு நேர்ந்துகொள்ளச் சொல்வார்கள், அல்லது யாரோ செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்வார்கள், அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் மற்ற வீடுகளில் சொல்வார்கள். முப்பத்தொரு வருடம் பாடசாலை நூலகத்தில் இருந்தவள் நான். எந்தப் புத்தகம் எந்த அலுமாரியில் இருக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவள். என் வீட்டில் நடந்ததைத் தவறான தட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

அது எப்படித் தொடங்கியது என்று கேட்பாய். அவர் ஓய்வுபெற்ற ஆறாம் மாதம் என்று நினைக்கிறேன். காலையில் வெளியே போக உடுப்பு மாற்றிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காலுறையைப் போட்டார். நான் சமையலறையில் பருப்பு வேகும்வரை இருந்துவிட்டு வந்தேன். மற்றக் காலுறை கையிலேயே இருந்தது. "என்னங்க, போகலையா?" என்றேன். "போகணும்" என்றார். பகல் சாப்பாட்டுக்கும் அந்த ஒரு காலுறையோடுதான் வந்து உட்கார்ந்தார். மலையையும் பள்ளத்தையும் அளந்து நாற்பது வருடம் நில அளவையாளராக வேலை செய்த மனிதருக்கு, இடது காலுக்கும் வலது காலுக்கும் இடையிலுள்ள தூரம் கடக்க முடியாததாகிவிட்டது. மாத்திரை தொடங்கினோம். டாக்டர், மாத்திரையோடு தினமும் நடக்கவும் வேண்டும், ஆட்களோடு பழகவும் வேண்டும் என்றார். நம் குண்டசாலை வீதியில் நடந்தால் லொறியோடுதான் பழக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில்தான் ரஞ்சித் வந்தார்.

ரஞ்சித்தை உனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒரு தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரையாக இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். எல்லைத் தகராறு ஒன்றில் அப்பா அவருடைய தோட்டத்தை அளக்கப் போய், துரை நினைத்ததை விடத் தோட்டம் சிறியது என்று கண்டுபிடித்துச் சொன்னதிலிருந்து இருவரும் நண்பர்கள். ரஞ்சித் தமிழ் பேசுவார். அது பிரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுப்பதற்காகக் கற்ற தமிழ். அதனால் யாரிடம் பேசினாலும் கொழுந்துக் கூடையோடு நம்மை எங்கேயோ அனுப்புவது போலவே இருக்கும். அவர் வந்து, "சர்வேயர், சனிக்கிழமை வா. சும்மா ஒக்காந்து இருக்காத" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த உன் அப்பா, திகனைக்கு அப்பால் நீர்த்தேக்கத்துக் கரையில் இருக்கும் அந்தக் கோல்ப் மைதானத்துக்கு அப்படித்தான் போனார். இவ்வளவு நல்ல நிலத்தில் மரக்கறி போடாமல் குழி தோண்டி வைத்திருக்கிறார்களே என்பது அவருடைய முதல் நாள் கருத்து. குழிகளின் தூரம் எழுதிய பலகைகளில் இரண்டு பிழை என்பது இரண்டாவது நாள் கருத்து. அலுவலகத்தில் போய்ச் சொன்னார். மிக்க நன்றி என்றார்களாம். பலகைகள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் மூன்றாவது சனிக்கிழமை அவர் இரண்டு காலுறைகளையும் தானாகவே போட்டுக்கொண்டார். அந்த விளையாட்டை அன்றைக்கு நான் மன்னித்துவிட்டேன்.

அவர்களோடு மூன்றாவது ஆளாக நஸீர் இருந்தார். கண்டியில் தரை ஓடு விற்கிறவர். நம் குளியலறைத் தரை அவர் கடையிலிருந்து வந்ததுதான். மூவருக்குமிடையில் ஒரு பந்தயம் இருந்தது. பணம் வைத்தால் சிநேகம் கெட்டுவிடும், ஒன்றும் வைக்காவிட்டால் ஆட்டத்தில் உயிர் இருக்காது என்று நஸீர் யோசித்து, கண்டி வீதியோரக் கடையில் ஒரு மண் வாத்து வாங்கி வந்தார். தலையணை அளவு இருக்கும். மஞ்சள் பூச்சு. அலகு ஒரு முறை உடைந்து வெள்ளைப் பசையால் ஒட்டப்பட்டதால் எப்போதும் எதையோ கேலியாகப் பார்ப்பது போலிருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைசியாக வந்தவர் அந்த வாத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அதற்குச் சட்டம் இருந்தது. வாத்து ஹாலில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். துணி போட்டு மூடக் கூடாது. யாராவது "இது என்ன?" என்று கேட்டால், கதை கட்டாமல் உண்மையைச் சொல்ல வேண்டும். அதாவது, "தோத்துட்டேன்" என்று. ரஞ்சித் வீட்டு ஹாலில், சுவரில் பழைய வெள்ளைக்காரத் துரைமாரின் படங்களுக்குக் கீழே, அந்த வாத்து முதல் தடவை நின்ற வாரம் உன் அப்பா இரண்டு கோப்பை தேநீர் கூடுதலாகக் குடித்தார். ஒரு துரையை ஜெயித்ததற்காக என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. லயத்தில் பிறந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகு அவர் தோற்கத் தொடங்கினார். மாத்திரையை மாற்றிய காலம். கை நடுங்குவதாகச் சொன்னார். ஆறு சனிக்கிழமை தொடர்ந்து வாத்து நம் வீட்டிலேயே நின்றது. ஷோகேசின் மேல், நம் கல்யாணப் படத்துக்கும் உன் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில். பால்காரர் கேட்டார், வரி கட்டும் துண்டு கொண்டு வந்தவர் கேட்டார், எதிர்வீட்டு டீச்சர் கேட்டார். ஒவ்வொருவரிடமும் அப்பா "தோத்துட்டேங்க" என்றார். நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏற்கனவே உடைந்திருக்கும் மனிதர் ஒரு நாளில் மூன்று தடவை தன் வாயால் "தோத்துட்டேன்" என்று சொல்வதற்கு ஒரு வாத்தை வேறு வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தற்கொலை பற்றி நான் வாசித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. நூலகத்தில் வேலை செய்வதில் உள்ள கஷ்டம் இதுதான், எல்லாவற்றையும் பற்றி ஏதாவது வாசித்திருப்போம். ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நஸீருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இந்த இடத்தில் நீ ஆச்சரியப்பட மாட்டாய். உன் அம்மாவுக்கு இதில் முன்அனுபவம் உண்டு என்று உனக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் போனாயே, நடுவில் மறந்துபோய் மேடையில் நின்றாயே. நடுவர்களில் ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வந்து போகிறவர். நான் அவரிடம் போய், பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொன்னேன். நீ நன்றாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஆறுதல் பரிசு இரண்டு என்று அறிவித்திருந்தார்கள், பரிசளிப்பு அன்று மூன்றாக இருந்தது. உன் பெயரைக் கூப்பிட்டார்கள், நீ போய் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்தாய். நான் கை தட்டினேன். அதற்குப் பிறகு நீ எந்த மேடையிலும் ஏறவில்லை. பையனுக்குக் கூச்சம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அவுஸ்திரேலியாவுக்குப் போன அந்த வருடம் வீட்டுக்குப் பூச்சு அடித்தபோது உன் அறை அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்தோம். அதன் பின்னால், சுவரைப் பார்த்தபடி, அந்தக் கிண்ணம் இருந்தது. கை தவறி விழுந்த இடமல்ல அது. பதினொரு வயதுப் பிள்ளை கையை முழங்கை வரைக்கும் விட்டு, தள்ளித் தள்ளி ஒளித்து வைத்த இடம். அதைத் துடைத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப அங்கேயே வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்கவுமில்லை. பாடம் படித்துக்கொண்டேன் என்று மட்டும் எனக்கே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு படித்தேன் என்பது நஸீருக்கு எடுத்த தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும்.

நஸீர் இளகிய மனசுக்காரர். நான் அழவில்லை, ஆனால் அழாமலிருக்க முயல்வது கேட்கும்படி பேசினேன். அதில் எனக்குத் திறமை உண்டு. அவர், "அழவாணாம் மிஸ். இனி அந்தத் தாரா எங்கட ஊட்டுலதான் ஈக்கும்" என்றார். தாரா என்று அவர் சொன்னது வாத்தை. ரஞ்சித்துக்கும் எடுத்தேன். அவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "அது சரியில்ல மிஸ். சர்வேயர் ஒரு நாளும் எனக்குத் தோத்துக் குடுக்க மாட்டான். நானும் குடுக்க மாட்டேன்" என்றார். நான் வைத்துவிட்டேன். தோட்டத்தில் நாற்பது வருடம் யாருக்கும் எதையும் கொடுக்காத கை, ஓய்வுபெற்ற பிறகா கொடுக்கப்போகிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் நஸீரிடமும் சொன்னேன். அதற்கு இன்றுவரை ரஞ்சித்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாத்து நஸீர் வீட்டுக்குப் போனது. அதற்கடுத்ததும். கோல்ப் விளையாட்டில் நஸீர் மோசமாக ஆடுவது எப்படி என்று இதற்கு முன் யோசித்ததில்லையாம். வேண்டுமென்றே மோசமாக ஆடுவது, நன்றாக ஆடுவதை விடக் கஷ்டம் என்று பிறகு என்னிடம் சொன்னார். அதனால் அவர் சுலபமான வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரிந்திருக்கும். பந்து குழிக்கு மிகப் பக்கத்தில், ஒரு அடிக்குள் வந்து நின்றால், கூட ஆடுகிறவர் "போதும், எடுங்க" என்பார். அதைத் தட்டி உள்ளே விட வேண்டியதில்லை, விழுந்ததாகவே கணக்கு. யார் முதலில் சொன்னாலும் செல்லும். நஸீர் சொல்லத் தொடங்கினார். முதலில் ஒன்றரை அடியில் சொன்னார். பிறகு இரண்டடி, மூன்றடி. மனிதருக்கு இரக்கம் வந்துவிட்டால் அளவு போய்விடுகிறது. உன் அப்பா நாலு வாரம் முகம் தெளிந்து வீடு வந்தார். பேப்பர் படித்தார். ஒரு நாள் பாட்டுக்கூடக் கேட்டார். நான் என்னைப் பற்றி மிகவும் உயர்வாக நினைத்துக்கொண்ட ஒரு மாதம் அது.

எனக்கு ஒன்று தோன்றியிருக்க வேண்டும். நாற்பது வருடம் கண்ணாலேயே நிலத்தை அளந்து, பிறகு சங்கிலி போட்டுப் பார்த்து, கண் சொன்னது சரி என்று தெரிந்துகொண்ட ஒரு மனிதரிடம், நானும் ஓட்டுக்கடைக்காரர் ஒருவரும் சேர்ந்து தூரத்தை மறைக்கப் பார்த்திருக்கிறோம். அவர் எதையும் சொல்லவில்லை. ஆட்டப் பையில் பழைய அளவைக் குறிப்பேடு ஒன்று இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும், எத்தனையாவது குழியில், எவ்வளவு தூரத்தில் நின்ற பந்துக்கு "எடுங்க" என்றார்கள், சொன்னது யார் என்று பென்சிலில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். நஸீரின் பெயருக்குக் கீழே ஒரு நீளமான வரிசை. ரஞ்சித்தின் பெயருக்குக் கீழே ஒரு அடிக்கு மேல் எதுவுமே இல்லை. அந்தக் குறிப்பேட்டை இப்போது நான் பார்த்திருக்கிறேன். நாலு வாரம் முகம் தெளிந்து வந்தவரின் கையெழுத்து அதில் வாரத்துக்கு வாரம் சிறிதாகிக்கொண்டு போகிறது.

கண்டிப் பெரஹரா திருவிழா முடிந்த அடுத்த சனிக்கிழமை, பதினாலாவது குழி. அப்பாவின் பந்து நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு நஸீர் "எடுங்கொ சர்வேயர், போதும்" என்றார். அப்பா எடுக்கவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். நாடாவின் நுனியைக் குழியில் பிடிக்கச் சொல்லி ரஞ்சித்திடம் கொடுத்தார். ரஞ்சித் முழந்தாளிட்டுப் பிடித்தார். ஒரு துரை நாடா பிடிக்க, உன் அப்பா பந்துவரை நடந்து வந்து குனிந்து பார்த்தார். "ஆறடி ரெண்டு அங்குலம்" என்றார். பிறகு, "ஒரு ஆளப் பொதைக்கிற நீளம், நஸீர். எனக்குத்தான் தோண்டுறீங்களா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லையாம். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்றார் நஸீர். அவர் அந்த இடத்திலேயே உடைந்து, மிஸ்தான் சொன்னாங்க என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா நாடாவைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டத்தை முடிக்காமல், தனியாக ஆட்டோ பிடித்து வீடு வந்தார்.

அவர் வருவதற்கு முன்பே நஸீர் தொலைபேசியில் சொல்லிவிட்டதால் நான் தயாராக இருந்தேன். என்ன தயாரிப்பு என்றால், சாப்பாடு போட்டு வைத்திருந்தேன். அவர் கால் கழுவிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் உங்கள் நல்லதுக்குத்தான் என்று தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அதற்குப் பிறகு அவர் பேசியது, கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு. அதை மாற்றாமல் எழுதுகிறேன், என் பக்கத்து நியாயம் எதையும் இடையில் சொருகவில்லை.

"தோக்குறது எனக்கு நோவுதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? ரெண்டு வருசமா யாரு கேட்டாலும் நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். ஒங்கிட்டயும் அதான் சொல்றேன். புள்ளகிட்டயும் அதான். ஏன்னா இல்லன்னு சொன்னா எல்லாரும் பயந்துபோயிர்றீங்க. அந்த வாத்து இருந்துச்சு பாரு, அது ஒன்னுதான். யாராச்சும் வந்து கேப்பாங்க, தோத்துட்டேன்னு சொல்லுவேன். சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். யாரும் பயப்படல. நாளைக்கு மூணு தடவ நான் உம்மையச் சொன்னேன். அதையும் தூக்கிக் குடுத்துட்ட."

சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டார். நான்தான் சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் போகவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஒரு காலுறைக் காலம் திரும்பி வந்தது. நஸீர் ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அப்பா மன்னித்தார், வட்டிலப்பத்தையும் சாப்பிட்டார், ஆனால் மைதானத்துக்கு வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் அல்லது திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டும் செய்யாமல், "இப்போ வீட்டில யாரிடமாவது உண்மையைச் சொல்றாரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியோடு நான் வத்தேகம பஸ்சில் மாறி ஏறி, பாதி வழி போன பிறகுதான் நம் வீடு அந்தப் பக்கம் இல்லை என்பதைக் கவனித்தேன்.

இப்போது கடைசியாக நடந்தது. மூன்று வாரத்துக்கு முன், பகல் பதினொரு மணிக்கு, ரஞ்சித்தின் கார் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கி, பின்கதவைத் திறந்து, இரண்டு கையாலும் வாத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அதை நஸீர் வீட்டிலிருந்து வாங்கி வந்திருக்கிறார். அப்பா ஹாலில் உட்கார்ந்திருந்தார். ரஞ்சித் ஷோகேசின் மேல் அதே இடத்தில் வாத்தை வைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "பதினாலுல விட்டுட்டுப் போனவன் யாரு? நீதான். நடுவுல போனவன் தோத்தவன். அது சட்டம். ரெண்டு மாசமா உன் வாத்தை நஸீர் வீட்ல வச்சிருக்க, வெக்கமில்லையா?" என்றார். நோயாளியிடம் பேசுகிற பேச்சா இது என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். அதை என் வாழ்நாளின் சாதனைகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்பா வாத்தைப் பார்த்தார். ரஞ்சித்தைப் பார்த்தார். "சட்டம் சரிதான்" என்றார். ரஞ்சித் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துக் கோவில் செயலாளர் பூசை அறிவித்தலோடு வந்தார். நான் உள்ளே இருந்தேன். "என்ன ஐயா, வாத்து திரும்ப வந்திருக்கு?" என்று கேட்டார். அப்பாவின் குரல் கேட்டது. "தோத்துட்டேங்க. இந்தத் தடவ பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டேன். மனசு சரியில்லாமத்தான் வந்தேன். மாத்திர குடிக்கிறேன்." செயலாளர் சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டது எனக்கு உள்ளேயே தெரிந்தது. அவர் பயந்து எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. கதிரையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. தன் தங்கச்சி மகளும் அப்படித்தான் இருக்கிறாள், எந்த டாக்டர் என்று கேட்டார். அப்பா பெயரைச் சொல்லி, எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்பதையும் சொன்னார். நான் இரண்டு வருடம் பிரஷர் என்று பூட்டி வைத்திருந்ததை, அவர் ஒரு வாத்தின் முன்னால் ஐந்து நிமிடத்தில் திறந்து வைத்துவிட்டார்.

அவர் குணமாகிவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. வாத்து மருந்தல்ல. நேற்றுக்கூடப் பகல் முழுவதும் படுத்தே இருந்தார். மைதானத்துக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இன்று காலை ஹாலில், ஒரு டம்ளரைச் சாய்த்து வைத்து, மட்டையால் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பந்து டம்ளரில் விழுந்தால் ஒரு சத்தம், விழாமல் சுவரில் பட்டால் வேறு சத்தம். சமையலறையில் நின்று எண்ணினேன். பெரும்பாலும் சுவர்தான். போய் டம்ளரைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தால் என்ன என்று என் கை துடித்தது. தேங்காயைத் திருவிக்கொண்டே நின்றேன்.

இனி உன் விஷயம். நீ வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாய். இப்போது ஒரு மாதமாகச் செவ்வாய், வியாழன் காலை ஒன்பது மணிக்கும் பேசுகிறாய். இங்கே ஒன்பது என்றால் அங்கே பிற்பகல் இரண்டரை, வேலை நாள். முன்பெல்லாம் பின்னால் அலுவலகச் சத்தம் கேட்கும். இப்போது ஒன்றும் கேட்பதில்லை. "எப்படிப்பா இருக்க?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "நல்லா இருக்கேம்மா" என்று வந்துவிடுகிறது. அப்பாவும் அதே வேகத்தில்தான் சொல்வார். அதைக் கேட்டவுடன் நானும் "சரிப்பா" என்றுவிடுகிறேன். பந்து எங்கே நிற்கிறது என்று பார்க்காமலே "போதும், எடுங்க" என்று சொன்ன நஸீரை நான் என்ன குறை சொல்ல முடியும். நீ எதையாவது மறைக்கிறாய் என்று நான் நிச்சயமாகச் சொல்லவில்லை. தொலைபேசியில் கேட்கவும் போவதில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தக் கடிதத்தை மூடி அனுப்பாமல் மற்றவர்களும் படிக்கும்படி கொடுப்பதற்கும் காரணம் அந்தச் சட்டம்தான். ஹாலில், வருகிறவர்கள் கண்ணில் படும்படி, துணி போட்டு மூடாமல். அப்பாவிடம் காட்டி அனுமதி வாங்கிவிட்டேன். அவர் முழுவதும் படித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் ஆறடி மூன்று அங்குலம் என்று எழுதியிருந்தேன், அவர் இரண்டு என்று வெட்டி எழுதினார். பிறகு உன் வாக்கியத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு தடவை படித்துவிட்டு, "ஒரு வருசமாத்தானே ஆடுறான்? தோத்துக் குடுக்க இவன் தனியா மெனக்கெட வேண்டியதில்லயே" என்றார். அவர் சிரித்தாரா என்று கேட்காதே. பக்கத்தில் வந்து போனது, உள்ளே விழவில்லை.

ஆகவே டிசம்பரில் வா. அவரை மைதானத்துக்கு வரச் சொல்லிக் கேள். வரமாட்டேன் என்றால் அடுத்த நாளும் கேள். வந்தால், உனக்குத் தெரிந்த அளவுக்கு முழு மூச்சாக ஆடு. அவருடைய பந்து ஒரு முழம் தள்ளி நின்று, அவர் கை நடுங்கினாலும், வாயை மூடிக்கொண்டு நில். அவர் தவறவிட்டால் தவறவிடட்டும். நீ ஜெயித்தால் வாத்து ஷோகேசிலேயே நிற்கும், எனக்குப் பழகிவிட்டது. நீ தோற்றால், அதுதான் நடக்கும் என்று அப்பா நினைக்கிறார், வாத்தை உன் அறையில் அலுமாரிக்கு முன்னால் வைப்பேன். பின்னால் அல்ல, முன்னால். மறுநாள் காலை தேநீர் கொண்டு வந்து, அதைக் காட்டி, "இது என்னப்பா?" என்று கேட்பேன். கதை கட்டக் கூடாது. நான் பயப்பட மாட்டேன். கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன்.